நோயாளியின் சம்மதம்

ஒரு பொருளுக்கு விலை சொல்லுகிறவன் ஒருவன். அவ்விலைக்கு உடன்படுகிறவன் மற்றொருவன். இருவர் மனமும் ஒத்த இடத்தில் வியாபாரம் நடக்கின்றது. இதில் மூன்றாம் மனிதனுக்கு என்ன வேலை? சர்க்காருக்குத்தான் என்ன வேலை? என்று கேட்போர் எந்நாட்டிலும் உண்டு. துணிக்கும் தோட்டுக்கும் கைக்கடிகாரத்துக்கும் இக்கேள்வி பொருந்தலாம். விலை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். அதுவும் பிடிக்காவிட்டால் வெறுங்கையோடு வீடு திரும்பலாம். வெறுங்கையோடு திரும்பும் உரிமை இருக்கும் வரையில் ‘சரி’ என்னும் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆனால், மருந்துக்கடைப் பலகைக்கு முன் நிற்பவன் சொல்லும் ‘சரி’ எத்தகையது? அதனைச் சம்மதம் என்று அழைப்பது தகுமா? மருந்து விலை ஏற்றத்துக்குச் சட்டத்தால் வரம்பு கட்டலாமா, கூடாதா என்னும் விவகாரம் முழுவதும் இவ்வொரு கேள்வியில் அடங்கிக் கிடக்கின்றது என்பது நமது அபிப்பிராயம்.

இதனை இப்பொழுது எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு மே மாதம் 1ந் தேதி முதல் இந்நாட்டில் தனியார் கிளினிக்குகளும் ஆஸ்பத்திரிகளும் மருந்துக்கடைகளும் தத்தம் மருந்துகளின் விலையை யாவரும் அறியக் காட்டி வைக்க வேண்டும் என்னும் உத்தரவு அமுலுக்கு வந்தது. 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பிறந்த உத்தரவு இது. அந்த மே மாதம் 6ந் தேதியன்று வைத்தியர்கள் பலர் புத்ராஜெயாவில் திரண்டு ஊர்வலமாகச் சென்று, பிரதம மந்திரி காரியாலயத்தில் தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவித்தனர். வைத்தியனை மளிகைக் கடைக்காரனாக்கும் சட்டம் இது என்பது அவர்கள் குறை. ஏழைகளின் பக்கம் நின்று பேசுவோரிற் சிலரோ, இனி மருந்து விலை அடங்கிவிடும் என்று மகிழ்ந்தனர். இரு சாராரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவ்வுத்தரவு விலையை எழுதச் சொல்லிற்றேயன்றி, ஏற்றாதே என்று சொல்லவில்லை. இன்று பத்து வெள்ளி என்று எழுதியவர், நாளை அதனை அழித்துப் பதினைந்து என்று எழுதினால், அவ்வுத்தரவை மீறியவர் ஆகார்.

எழுதி வைப்பதால் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. விலை தெரியாமல் வாங்குவதைவிடத் தெரிந்து வாங்குவது மேல். ஆனால் அந்நன்மை யாருக்கு, எவ்வளவு தூரம் என்பதை ஆராய வேண்டும்.

பினாங்குத் துறையில் ஒரு சம்பான்காரன் நிற்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். அக்கரைக்குப் போக இத்தனை வெள்ளி என்று கரையிலேயே சொல்கின்றான். அதிகமென்று தோன்றினால் பிரயாணி வேறு சம்பானைப் பார்க்கலாம். பெரிய படகுக்குக் காத்திருக்கலாம். இது வியாபாரம். அவனே நடுக்கடலில் துடுப்பை மடிமேல் வைத்துக்கொண்டு, ‘கூலி இப்பொழுது இரட்டிப்பு’ என்கின்றான். பிரயாணி ‘சரி’ என்கின்றான். இரு இடத்திலும் சொல் ஒன்றே; ஆனால் பின்னதை வியாபாரம் என்று எந்தப் பஞ்சாயத்தும் ஒப்புக்கொள்ளாது. கரையில் ஒரு பலகை நட்டுக் கூலியை எழுதி வைத்தால், கரையில் நிற்பவனுக்கு அது உதவும். நடுக்கடலில் இருப்பவனுக்கு அப்பலகை கண்ணுக்கே எட்டாது.

நாள்தோறும் மருந்து உண்டு உயிர் தரிப்போர் அனைவரும் நடுக்கடலில் இருப்பவர்களே. நீரிழிவுக்காரனும், இரத்தக் கொதிப்புக்காரனும், இருதய நோயாளியும் ஒரு நாள் சம்பானில் ஏறிவிட்டவர்கள்; இனி இறங்க முடியாதவர்கள். நம் சமூகத்துக்கு இவ்விஷயம் அயலார் கதையன்று. 2019ஆம் ஆண்டில் சர்க்கார் நடத்திய தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 சதவிகிதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 சதவிகிதம். மூவரில் ஒருவர் என்று சொல்லிவிடலாம். ஆகவே, மருந்தின் முதல் விலை அதிகமா குறைவா என்பது ஒரு கேள்வி. ஏறி உட்கார்ந்தவனிடம் விலையை உயர்த்துவது தருமமா என்பது வேறு கேள்வி. முன்னதில் கற்றவர்கள் எத்தனை விதமாகவும் வாதாடலாம். பின்னதில் வாதத்துக்கு இடம் மிகக் குறைவு.

இப்பின்னைய கேள்வியை ஒரு சட்டசபை நேராகவே கையில் எடுத்த கதை ஒன்றுண்டு. அமெரிக்காவில் டாராபிரிம் என்றொரு மாத்திரை. ஒருவகை ஒட்டுண்ணி நோய்க்கு, அதிலும் உடல் வலி குன்றிய நோயாளிகளுக்கு, இன்றியமையாதது. கண்டுபிடித்து அறுபது ஆண்டுகளுக்கு மேலானது. காப்புரிமை என்றோ முடிந்துபோயிற்று. 2015ஆம் ஆண்டில் அதன் விற்பனை உரிமையை வாங்கிய ஒரு கம்பெனி, 13.50 டாலர் விலையுள்ள ஒரு மாத்திரையை 750 டாலராக்கிற்று. மாத்திரையில் ஒரு துகள் கூடவில்லை. புதிய ஆராய்ச்சி ஒன்றும் அதில் நுழையவில்லை. வேறு யாரும் அப்பொழுது அங்கே அதனை விற்கவில்லை, அவ்வளவுதான் காரணம். இத்தகைய செய்கைகளைக் கண்டு மேரிலாந்து மாகாணத்தார் 2017இல் ஒரு சட்டம் செய்தனர். காப்புரிமை தீர்ந்த அவசிய மருந்துகளின் விலையை மனச்சாட்சிக்கு ஒவ்வாத அளவில் ஏற்றுவது குற்றம் என்றது அச்சட்டம். மனச்சாட்சிக்கு ஒவ்வாதது எது என்பதற்கு அது கூறிய இலக்கணம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது: உற்பத்திச் செலவு முதலிய காரணங்களால் நியாயம் காட்ட முடியாத மிகையான ஏற்றமாக இருக்க வேண்டும், உடல்நலத்துக்கு அம்மருந்து அவசியமாகையாலும், போட்டி போதாமையாலும், வாங்குவோருக்கு அவ்விலைக்கு உடன்படுவதைத் தவிர மெய்யான வழி வேறு இல்லாதிருக்க வேண்டும். நாம் மேலே கேட்ட கேள்விக்கு ஒரு சட்டசபை எழுதிய விடை இது. வழியில்லாதவனின் ‘சரி’ சம்மதம் அன்று என்று அது துணிந்து சொல்லிற்று.

அச்சட்டம் நெடுநாள் வாழவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. ஏற்றம் நியாயமானது என்பதற்காகத் தள்ளவில்லை. ஒரு மாகாணம் தன் எல்லைக்கு வெளியே நடக்கும் வியாபாரத்துக்குச் சட்டம் செய்யலாகாது என்பதற்காகத் தள்ளிற்று. எல்லைக்கு வெளியிலிருந்து விலை ஏறி உள்ளே வரலாமாம். உள்ளேயிருந்து சட்டம் எழுந்து வெளியே போகலாகாதாம்! நீதிபதிகளின் சட்ட அறிவைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. ஆயினும் ஒரு மாகாணத்துக்கு உள்ள அத்தடை நம் போன்ற ஒரு தேசத்துக்கு இல்லை.

நிற்க. விலைக்கு வரம்பு கட்டுவது வியாபாரத்தின் இயற்கைக்கு விரோதம் என்று ஓயாது சொல்லப்படுகின்றது. தோட்டங்களின் பழைய சரித்திரம் அறிந்தவர்கள் இதைக் கேட்டு நகைக்க வேண்டும். காட்டை அழித்து ரப்பர் வைத்த காலத்தில் மலேரியாக் காய்ச்சல் நம் மக்களை லயம் லயமாகக் கொண்டுபோயிற்று. டாக்டர் மால்கம் வாட்சன் என்பார் 1901 முதற்கொண்டு கிள்ளான் பகுதியில் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழித்துக் காட்டினார். ஆயினும், காய்ச்சல் வந்து படுத்துவிட்டவனுக்கு அன்றிருந்த கைகண்ட மருந்து கொயினா ஒன்றே. பிரட்டுக் களத்தில் வரிசையில் நிறுத்தி அக்கசப்பை விழுங்கச் செய்ததைப் பாட்டன் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் நம் வாசகரில் பலர் இருப்பார்கள். அக்கொயினாவுக்கான மரப்பட்டையில் பெரும் பங்கு எங்கிருந்து வந்தது? கடலுக்கு அப்பால், கூப்பிடு தூரமென்று சொல்லத்தக்க ஜாவாவிலிருந்து. விலை எங்கே நிர்ணயமாயிற்று? ஆம்ஸ்டர்டாம் பட்டணத்தில். பட்டை மிகுதியாக விளைந்து விலை வீழ்ந்து தோட்டக்காரர்கள் தத்தளித்தபொழுது, 1913ஆம் ஆண்டில் பட்டை விளைவிப்போரும் கொயினா செய்வோரும் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, அங்கே ஒரு காரியாலயம் வைத்து, பட்டைக்கு இதற்குக் கீழே விலை போகலாகாது என்று வரம்பு கட்டினார்கள். 1928இல் அமெரிக்க சர்க்கார் அக்கூட்டத்தின்மேல் வழக்குத் தொடர்ந்தது வரை அது உலகமறிந்த விஷயம்.

நாம் அத்தோட்டக்காரரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. விலை வீழ்ந்தால் அங்கே கூலிக்காரனும் பட்டினி கிடப்பான். நாம் சொல்ல வந்தது வேறு. விலை கீழே விழாதபடி தாங்கிப் பிடிப்பது விவேகம் என்றால், மேலே பறக்காதபடி இழுத்துப் பிடிப்பது மட்டும் எவ்வாறு இயற்கைக்கு விரோதமாகும்? வரம்பு என்பது எக்காலத்தும் இருந்தே வந்திருக்கின்றது. விற்பவன் பக்கத்து வரம்புக்கு ‘உடன்படிக்கை’ என்று பெயர். வாங்குபவன் பக்கத்து வரம்பைக் கேட்டால் ‘தலையீடு’ என்று பெயர்.

நம் நாட்டிலேயும் இவ்வேடிக்கையைக் காணலாம். தீபாவளி வந்தால் சில நாட்களுக்குத் தேங்காய், தக்காளி, இறக்குமதி ஆட்டிறைச்சி முதலியவற்றுக்கு உச்ச விலை விதிக்கப்படுகின்றது. அதற்கு ஆதாரம் இதே 2011ஆம் ஆண்டுச் சட்டம். தனியார் ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்பீட்டுக் கட்டணம் தாறுமாறாக ஏறியபொழுது, 2024ஆம் ஆண்டு டிசம்பரில் பேங்க் நெகாரா குறுக்கிட்டு, அவ்வேற்றத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்றது. அதனால் காப்பீடு வைத்திருப்போரில் நூற்றுக்கு எண்பது பேருக்காவது ஆண்டு ஏற்றம் பத்துச் சதவிகிதத்துக்குள் அடங்கும் என்று எதிர்பார்த்தது. வைத்தியரின் ஆலோசனைக் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. சாதாரணக் கிளினிக் வைத்தியர் ஒரு நோயாளியைப் பார்க்க 10 முதல் 35 வெள்ளி வரைதான் வாங்கலாம் என்று 2006ஆம் ஆண்டு விதிகள் கூறின. 2025ஆம் ஆண்டு மே மாதம் அவர்கள் ஊர்வலம் போன நாள் வரைக்கும் அது மாறவில்லை. தேங்காய்க்கு வரம்பு உண்டு, காப்பீட்டுக்கு உண்டு, பல ஆண்டு படித்துப் பெற்ற வைத்திய அறிவுக்கும் உண்டு. மாத்திரைக்கு மட்டும் இல்லை.

வைத்தியர்களின் குறையில் உள்ள உண்மையை இங்கே ஒப்புக்கொள்வதே நேர்மை. கிளினிக்கின் வாடகை ஏறிற்று, தாதிமார் சம்பளம் ஏறிற்று, கட்டணமோ 2025ஆம் ஆண்டு மே மாதம் வரைக்கும் ஏறவில்லை. அறிவுக்குக் கூலி கேட்கச் சட்டம் இடம் தராததால், அக்கூலியை மாத்திரைக்குள் பொதிந்து வைக்கும் வழக்கம் வளர்ந்தது. 2004ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி நடந்து, 2007இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதனை எண்களால் காட்டிற்று. பெயர்பெற்ற கம்பெனி மருந்துகளுக்கு மருந்துக்கடைகள் கொள்முதல் விலைக்கு மேல் 25 முதல் 38 சதவிகிதமும், மருந்து கொடுக்கும் வைத்தியர்கள் 50 முதல் 76 சதவிகிதமும் கூட்டி விற்றனர். அதே குணமுள்ள மலிவுப் பெயர் மருந்துகளுக்கோ கடைகளில் 100 முதல் 140 சதவிகிதம்; வைத்தியர்களிடம் 316 சதவிகிதம் வரையிலும் ஏற்றம் இருந்தது. மலிவானது என்று வாங்கியவனே அதிகப் பங்கு கொடுத்தான்! இதனால் நோயாளி எதற்குப் பணம் கொடுக்கின்றான் என்பதே அவனுக்குத் தெரியாமற் போயிற்று. வைத்தியரின் கூலி வெளிப்படையாக உயர வேண்டுமானால் உயரட்டும். அதனை நாம் ஆதரிப்போம். மாத்திரையின் விலை மாத்திரையின் விலையாக இருக்கட்டும். நோயாளி, வைத்தியன், மருந்து, அம்மருந்தைப் பக்குவமாக இயற்றிக் கொடுப்பவன் என்று மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். அந்நான்கினுள் வியாபாரி ஒரு கூறாக இல்லை என்பதை வைத்தியர்கள் நினைத்துப் பார்த்தால், மளிகைக் கடைக்காரர் என்னும் சொல் தங்களைச் சுடுவதற்குக் காரணம் சட்டம் மட்டுமன்று என்பது விளங்கும்.

‘சர்க்கார் கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்தால் வைத்தியமும் மருந்தும் கிடைக்கிறதே; தனியார் விலை எப்படிப் போனால் நமக்கென்ன?’ என்று கேட்பார் உண்டு. அந்த ஒரு வெள்ளியின் அருமையை நாம் குறைத்துப் பேசோம். ஆனால் நாட்சம்பளக்காரன் காலையில் போய்ப் பிற்பகல் வரையில் காத்திருந்தால் அவன் கொடுப்பது ஒரு வெள்ளியா, ஒரு நாள் கூலியா? அன்றியும், சர்க்கார் மருந்தை வானத்திலிருந்து பெறவில்லை. விலை ஏறும்பொழுது அது பொக்கிஷத்திலிருந்து போகின்றது. பொக்கிஷம் நம் வரிப்பணம். தோட்டத்தில் டிரஸ்ஸர் மருந்து கொடுத்த காலத்தில் அச்செலவு துரையின் கணக்கில் எழுதப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும், வீடுகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறி, நம் மக்கள் பட்டர்வொர்த்திலும் பிறையிலும் அடுக்குமாடிகளில் குடியேறிய பிறகு, அச்செலவு குடும்பத்தின் கணக்குக்கு வந்துவிட்டது. கணக்கு மாறிற்றே ஒழிய நோய் மாறவில்லை.

இனி, மறுபக்கத்தார் சொல்லும் இரண்டு ஆட்சேபங்களை ஆராய்வோம். வரம்பு கட்டினால் புது மருந்து கண்டுபிடிக்க எவன் முன்வருவான் என்பது முதலாவது. கண்டுபிடித்தவனுக்கு ஊதியம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாம் பேசுவது ஏற்றத்தைப் பற்றி. ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் பழைய மருந்தின் விலையைத் திடீரென்று ஏற்றுவதற்கும் கண்டுபிடிப்புக்கும் சம்பந்தம் என்ன? டாராபிரிம் விலையை ஏற்றியவர்கள் எதனைக் கண்டுபிடித்தார்கள்? புதிய மருந்து விஷயத்திலுங்கூட, சொல்லப்பட்ட விலைதான் மாற்ற முடியாத விலை என்று நம்பிவிடக் கூடாது. கல்லீரலை அரிக்கும் ஹெப்படைடிஸ் சி நோய்க்கான சோபோஸ்புவிர் மருந்து 2013இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது, 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் என்று விலை வைத்தார்கள். 2016இல் எகிப்து நாட்டு உற்பத்தியாளர் ஒருவர் அம்மருந்தையும் அதனோடு சேரும் மற்றொரு மருந்தையும் முழுச் சிகிச்சைக்கு 300 டாலர் அல்லது அதற்கும் குறைவாகத் தர உடன்பட்டார். 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் சுகாதார மந்திரியாக இருந்த டாக்டர் எஸ். சுப்பிரமணியம், காப்புரிமைச் சட்டம் சர்க்காருக்கு அளிக்கும் உரிமையைப் பயன்படுத்தி மலிவான சோபோஸ்புவிரைத் தருவிப்பதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் அச்சிகிச்சை கொடுக்கப்பட்டது. உலகம் முழுவதும் வியந்து பார்த்த இச்செய்கைக்குப் பின்னணியில் நம் ஊர்க்காரரின் உழைப்பு உண்டு. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மூன்றாம் உலக வலையமைப்பு, மருந்துக் காப்புரிமையைப் பற்றிப் பல்லாண்டு வாதாடி வந்த ஸ்தாபனம். தமிழகத்தில் பிறந்து இங்கே வாழ்ந்து 2019இல் காலமான எஸ். எம். முகம்மது இத்ரிஸ் அவர்கள், பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தையும் அதனையும் நடத்திய பெரியார். ஜார்ஜ் டவுன் வீதிகளில் நடப்போர் இதனை அறிந்திருப்பது நலம்.

இரண்டாவது ஆட்சேபம் பலமானது. அதனை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. வரம்பு கட்டினால் மருந்து கடையைவிட்டே மறைந்துவிடும் என்பது அது. மறைந்த துண்டு. இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அவசிய மருந்துகளுக்கு உச்ச விலை நிர்ணயம் உண்டு; மற்ற மருந்துகளின் விலையையும் பன்னிரண்டு மாதத்தில் பத்துச் சதவிகிதத்துக்கு மேல் ஏற்றலாகாது. நல்ல சட்டம். ஆயினும் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நாட்டு விலை நிர்ணய அதிகாரிகள் எட்டு மருந்துகளின் உச்ச விலையை ஒரேயடியாக 50 சதவிகிதம் உயர்த்த நேர்ந்தது. மூலப்பொருள் விலை ஏறிப்போனதால் அவற்றைச் செய்வது கட்டவில்லை என்று உற்பத்தியாளர்கள் கைவிட முன்வந்தனர். அவை என்ன மருந்துகள்? பென்சிலின் ஊசி, க்ஷயத்துக்கான ஸ்டிரெப்டோமைசின், இழுப்பு நோய்க்கான சால்பியூட்டமால், இத்தகையன. எல்லாம் ஏழைகளின் மருந்துகள். இலங்கையிலோ 2022ஆம் ஆண்டில் நாணயத்தின் மதிப்பு சரிந்தபொழுது, மார்ச்சில் 29 சதவிகிதமும் ஏப்ரலில் 40 சதவிகிதமும் மருந்து விலை வரம்பை உயர்த்தியும் தட்டுப்பாடு தீரவில்லை.

இவற்றிலிருந்து, வரம்பே வேண்டாம் என்று முடிவு செய்வது, பூட்டுக்குச் சாவி வேண்டும் என்பதால் பூட்டே வேண்டாம் என்று சொல்வதை ஒக்கும். இந்தியாவில் நடந்ததை உற்றுப் பாருங்கள். விலை ஏறத்தான் ஏறிற்று. ஆனால் ஏற்ற விரும்பியவர்கள் காரணத்தைக் கணக்கோடு காட்டி, ஓர் அதிகாரியின் முன் விண்ணப்பித்து, அனுமதி பெற்று ஏற்றினார்கள். நியாயம் காட்ட வேண்டிய பாரம் யார் தலையில் இருக்கின்றது என்பதே இதில் சாரம். வரம்பில்லாத நாட்டில், மருந்து வாங்க முடியாத நோயாளி தன் வறுமையை ஒவ்வொருவரிடமும் நிரூபித்துக்கொண்டு திரிய வேண்டும். ஆஸ்பத்திரி உதவி நிதிக்கு மனு, சம்பளச் சீட்டு, கோவில் தர்மகர்த்தாவின் கடிதம், பத்திரிகையில் படம் போட்டு வேண்டுகோள்! வரம்புள்ள நாட்டில் விற்பவன் தன் செலவை நிரூபிக்க வேண்டும். இருவரில் கணக்குப் புத்தகமும் குமாஸ்தாவும் வைத்திருப்பவன் யார்?

நம் நாட்டில் இதற்கு வித்து ஊன்றப்படாமல் இல்லை. 2019ஆம் ஆண்டு மே மாதத்திலேயே, மருந்துகளுக்கு மொத்த விலையிலும் சில்லறை விலையிலும் உச்ச வரம்பு விதிப்பதற்கு மந்திரி சபை இணங்கிற்று. பிறநாட்டு விலைகளோடு ஒப்பிட்டு அவ்வரம்பைக் கணிப்பதென்றும் பேசப்பட்டது. மருந்துக் கம்பெனிகள் எதிர்த்தன. அடுத்த ஆண்டு ஆட்சி மாறிற்று. பெருவாரி நோயும் வந்து சேர்ந்தது. முடிவில், ஆறு ஆண்டுகள் சென்ற பின் 2025இல் பிறந்தது விலைப் பலகை மட்டுமே.

அப்பலகையை இகழ்ந்து ஒதுக்காமல் அதிலிருந்தே தொடங்கலாம் என்பது நமது யோசனை. நாட்பட்ட நோய்களுக்கு உண்ணும் மருந்துகளுக்கு முதலில் வரம்பு வரட்டும். ஆண்டுக்கு இத்தனை சதவிகிதத்துக்கு மேல் ஏற்றுகிறவர், உற்பத்தியாளராயினும் இறக்குமதி செய்பவராயினும் கிளினிக் நடத்துபவராயினும், ஏற்றுவதற்கு முன் காரணத்தை எழுத்து மூலம் காட்டட்டும். அக்காரணம் நியாயமாயின் அனுமதி காலந் தாழ்த்தாமல் கிடைக்கட்டும். வைத்தியரின் ஆலோசனைக் கட்டணத்தை வேறாகப் பிரித்து, அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படட்டும். எந்த நாளின் விலையை அடிப்படையாகக் கொள்வது என்பதில்தான் சச்சரவு எழும். ஒவ்வொருவரும் தமக்கு ஏற்ற ஓர் ஆண்டைச் சொல்வார்கள். அதற்கும் விடை சுவரிலேயே தொங்குகின்றது. 2025ஆம் ஆண்டு உத்தரவின்படி முதன்முதல் எழுதிக் காட்டிய விலையையே அடிப்படையாகக் கொள்ளலாம். அதனை எழுதியவர்கள் விற்பவர்களே; வேறொருவர் கணித்த விலை என்று அவர்கள் ஆட்சேபிக்க வழியில்லை.